பாஸ்போர்ட்டில் தேதி பாக்கி இருந்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களில் சிலர், இந்திய பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் நாலு வருடம் இருக்கிறதே, அதிலேயே ஒருமுறை ஊருக்குப் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 9ஆவது பிரிவுப்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. அதற்குமேல் பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் தேதிக்கு மதிப்பில்லை. அதைக் காட்டிப் பயணம் செய்தால், பிறகு அந்த பாஸ்போர்ட்டை இந்திய அரசிடம் ஒப்படைத்து 'சரண்டர்' செய்யும்போது அபராதம் கட்ட நேரும். சரண்டர் சான்றிதழ் இல்லாமல், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்குப் போடும் விண்ணப்பமும் நகராது.

அமெரிக்கப் பக்கத்திலும் ஓர் இடைவெளி உண்டு. குடியுரிமை உறுதிமொழி ஏற்கும் இடத்திலேயே கிரீன் கார்டை (நிரந்தரக் குடியிருப்பு அட்டையை) வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்க பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை வெளிநாடு போக வழியில்லை. பாஸ்போர்ட்டுக்கான டிஎஸ்-11 படிவத்தோடு குடியுரிமைச் சான்றிதழின் அசலையே கொடுக்க வேண்டும்; அது பிறகு தனித் தபாலில் வரும். கொடுப்பதற்கு முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள், சரண்டருக்கும் ஓசிஐக்கும் நகல் தேவைப்படும். அடுத்த மாதம் ஊரில் தங்கை கல்யாணம் என்றால், உறுதிமொழித் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பதே உத்தமம். காரணத்தை எழுதிக் கேட்டால் வேறு தேதி கிடைக்கும். சொல்லாமல் போகாமலிருந்தால்தான் வம்பு.

தமிழர்களை அதிகம் படுத்துவது பெயர். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று விழும். கிரீன் கார்டிலும் அதுவே தொடரக்கூடும். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம், தனிக் கட்டணம் கிடையாது; ஆனால் நீதிபதி முன்னிலையில் நடக்கும் விழாவில்தான் உறுதிமொழி எடுக்க வேண்டிவரும். பிறகு ஓசிஐ விண்ணப்பத்தில் அமெரிக்க பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை நிரப்பி, பெயர் மாற்றியதுண்டா என்ற கேள்விக்கு ஆம் போட்டு, பழைய பெயரையும் எழுதி, பெயர் மாற்ற ஆணையை இணையுங்கள். அப்பா பெயரை இன்ஷியலாக எழுதிய சான்றிதழ் ஒன்று, விரித்து எழுதியது ஒன்று என்று கலந்து அனுப்பினால் கோப்பு அப்படியே நிற்கும்.

குழந்தைகள் விஷயத்தைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிரீன் கார்டோடு பெற்றோருடன் அமெரிக்காவில் வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்றதுமே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிடுகிறது. பிள்ளைக்குத் தனி விழா இல்லாததால் அதன் இந்திய பாஸ்போர்ட்டை சரண்டர் செய்யும் நினைவே வருவதில்லை. 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் அமெரிக்க பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். பிள்ளைக்கு ஓசிஐ வாங்கியிருந்தால், 20 வயது முடியும்வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டின் நகலையும் புதிய படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் 3 மாதத்துக்குள் ஏற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. 20 வயது முடிந்து வாங்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஓசிஐ அட்டையையே புதிதாக வாங்க வேண்டும்.

க.இரா.,
எடிசன், நியூஜெர்சி