மாற்றுத்திறனாளி வாகன நிறுத்த அனுமதி மறுப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
விண்ணப்பதாரர்

பெறுநர்
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
வாகன நிறுத்த அனுமதிப் பிரிவு

பொருள்: மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அட்டை மறுக்கப்பட்டது – மறு ஆய்வு செய்து வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் நுரையீரல் ஃபைப்ரோசிஸ் நோயாளி. வாகன நிறுத்த அட்டை கேட்டு நான் அளித்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது. விண்ணப்பதாரர் யாருடைய துணையும் இல்லாமல் நடந்து வந்தார், கால்களில் குறைபாடு இல்லை என்பதே கடிதத்தில் உள்ள காரணம். இரண்டும் உண்மைதான். என் கால்களில் குறை இருப்பதாக நான் எங்குமே எழுதவில்லை. நோய் நுரையீரலில் இருக்கிறது. நேர்காணலில் அதை யாரும் சோதிக்கவில்லை.

காத்திருக்கும் அறையிலிருந்து அலுவலரின் மேசை வரை நடந்ததைத்தான் பார்த்தார்கள். உட்கார்ந்து, மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை என் விரலில் மாட்டினார்கள். 94 சதவீதம் காட்டியது. அந்த எண்தான் கோப்பில் ஏறியது.

இந்த நோயில் நுரையீரல் திசு தழும்பேறி விறைத்துப் போகிறது. உட்கார்ந்திருக்கும்போது உடலுக்குத் தேவையான ஆக்சிஜன் எப்படியோ கிடைத்துவிடும். நடக்கத் தொடங்கினால் தேவை கூடும். தழும்பேறிய திசு அதற்கு ஈடுகொடுக்காது. அதனால்தான் மருத்துவர்கள் 30 மீட்டர் நீள நடைபாதையில் 6 நிமிட நடைச் சோதனை செய்து பார்க்கிறார்கள். என் சோதனையில் இடையில் இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. நடந்த தூரம் 170 மீட்டர். ஆக்சிஜன் அளவு 82 சதவீதத்துக்கு இறங்கியது. இந்த அறிக்கை முதல் விண்ணப்பத்திலேயே இருந்தது. மறுப்புக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் மனம் மிகவும் நொந்தது அதனால்தான்.

அட்டை எனக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே போகும்போது கையடக்க ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே வரும். காரின் கதவை முழுக்கத் திறந்தால்தான் அதை வெளியே எடுத்து, தோளில் மாட்டி, குழாயை மூக்கில் பொருத்த முடியும். சாதாரண இடத்தில் பக்கத்து வண்டி ஒட்டி நின்றால் பாதிக் கதவுதான் திறக்கும். மேலும், நடக்கும்போது ஆக்சிஜனைக் கூட்டி வைக்க வேண்டும். வண்டியிலிருந்து வாசலுக்குப் போய் வரவே சிலிண்டரில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டால், உள்ளே டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குப் போதாது. மருத்துவமனைக்குப் போவதையே தள்ளிப்போடும்படி ஆகிறது.

1968-இல் உருவான சக்கர நாற்காலிச் சின்னமே இன்றும் மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த இடங்களில் வரையப்படுகிறது. அதனால் நாற்காலியில் வருபவருக்கு மட்டுமே உரிய இடம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. இதய நோயாளிகளும் நரம்பு நோயாளிகளும் இப்படித்தான் வெளித்தோற்றத்தை வைத்து மதிப்பிடப்படுகிறார்கள். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையோ, நீண்டகாலக் குறைபாடு ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதைத் தடுக்கிறதா என்று பார்க்கிறது. உரிய வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்று அதன் 2-ஆம் பிரிவு சொல்கிறது.

எனவே, மறுப்பு ஆணையை ரத்து செய்து அட்டை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மீண்டும் சோதனை தேவை என்று தாங்கள் கருதினால், நுரையீரல் மருத்துவர் முன்னிலையில், நடக்க வைத்துச் சோதிக்க வேண்டுகிறேன். எப்போது அழைத்தாலும் வருகிறேன். அதற்குப் பிறகும் மறுப்பதானால், நடைச் சோதனை அறிக்கை ஏன் ஏற்கப்படவில்லை என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஏற்பட்ட தழும்பு ஆறி மறைவதில்லை என்பதால், அட்டையை நீண்ட காலத்துக்குச் செல்லும்படி வழங்கினால் உதவியாக இருக்கும்.

நடைச் சோதனை அறிக்கை, நுரையீரல் மருத்துவரின் சான்று, மறுப்புக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்