கனரக இயந்திர மெக்கானிக்குகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தொழில் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கருவிகளை இரவல் கொடுப்பதும் சந்தா வசூலும் வழக்கம்போல் நடந்தன. மாதக் கூட்டங்களில் நாம் பேசித் தீர்த்த வேலைமுறைகளை மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன்.

கூட்டங்களில் அதிக நேரம் பிடித்தது ஒரே கேள்விதான். புது ஹைட்ராலிக் பம்பு (ஆயிலை அழுத்தத்தோடு தள்ளும் பம்பு) மாட்டிய எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் இயந்திரம்) ஏன் அதே கோளாறோடு திரும்பி வருகிறது? பெரும்பாலும் புது பம்பின் மேல் குற்றமில்லை. பழைய பம்பு தேய்ந்து உடையும்போது பிஸ்டன் நுனியில் உராயும் ஷூவிலிருந்து பித்தளைத் தூளும், மற்ற பாகங்களிலிருந்து இரும்புத் தூளும் உதிர்ந்து ஆயிலோடு கிளம்பிவிடுகின்றன. கண்ட்ரோல் வால்வு, சிலிண்டர், ஆயில் கூலர் என்று கண்ட இடமெல்லாம் தங்குகின்றன. டேங்குக்குத் திரும்பும் ஆயிலை வடிகட்டும் ரிட்டர்ன் ஃபில்டர் அடைத்துக்கொண்டால், மாற்றுவழி விடும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் டேங்குக்குப் போகிறது. அங்கிருந்து நேரே புது பம்புக்குள் வருகிறது. பம்பின் உள்ளே நகரும் பாகங்களுக்கு நடுவே இருப்பது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளிதான். ஏறத்தாழ 40 மைக்ரானுக்குச் சிறிய துகள் நம் கண்ணுக்கே தெரியாது. ஆகவே ‘ஆயில் பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

நாம் ஒப்புக்கொண்ட முறை இது. டேங்கை முழுக்க வடித்து, மூடியைக் கழற்றி, அடியில் படிந்த மண்டியைத் துடைக்க வேண்டும். நூல் உதிராத துணிதான் வேண்டும், பஞ்சு வேஸ்ட் கூடவே கூடாது. சக்‌ஷன் ஸ்டிரெய்னரையும் (பம்பு ஆயிலை உறிஞ்சும் வாயிலுள்ள சல்லடை) எல்லா ஃபில்டர்களையும் மாற்ற வேண்டும். ஆயில் கூலரின் நுண்குழாய்களில் சிக்கிய தூளைக் கழுவி எடுத்துவிட்டதாக யாரும் உறுதி சொல்ல முடியாது. உடைசல் பெரிதென்றால் கூலரையே மாற்றுவது நல்லது. சிலிண்டரில் நிற்கும் ஆயிலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது முழுதாக டேங்குக்குத் திரும்புவதில்லை, நீண்ட ஹோஸுக்குள் முன்னும் பின்னும் போய்வருகிறது. அதனால் ஹோஸைக் கழற்றித் தனியே வடிக்க வேண்டும்.

புது ஆயிலை டிரம்மிலிருந்து நேராக ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். சீல் உடைக்காத டிரம்மிலும் தூசி உண்டு. ஃபில்டர் வண்டி வழியாகவே டேங்குக்கு ஏற்ற வேண்டும். பம்பை ஓட்டும் முன் டிரெய்ன் போர்ட் (கசிவு ஆயில் வெளியேறும் துளை) வழியாகக் கேசிங்கை (பம்பின் கூடு) ஆயிலால் நிரப்பாவிட்டால், முதல் நிமிடத்திலேயே அது காய்ந்து ஓடிக் கீறிவிடும். பிறகு லோ ஐடிலில் (இன்ஜினின் மிகக் குறைந்த வேகம்) சுமையில்லாமல் 10 நிமிடம் ஓட்டி, பூம், ஆர்ம் (இரண்டும் எக்ஸ்கவேட்டர் கையின் பகுதிகள்), பக்கெட் ஒவ்வொன்றையும் மெதுவாக, கடைசி வரை முட்டவிடாமல் இயக்க வேண்டும். 50 மணி நேரம் ஓடியதும் ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி, அறுத்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக மின்னினால் பித்தளை, அதாவது தேய்மானம் இன்னும் நிற்கவில்லை.

பம்பைக் கழற்றும் முன்பே நோயைச் சரியாகப் பிரித்தறிய வேண்டும் என்பதும் பேசப்பட்டது. எல்லா இயக்கமும் ஒருசேர மந்தமானால் பம்பு, பைலட் பிரஷர் (லீவர் வழியே வால்வுகளை நகர்த்தும் சிறிய அழுத்தம்), சக்‌ஷன் பக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமானால் அதன் ஸ்பூலையும் (கண்ட்ரோல் வால்வுக்குள் நகர்ந்து ஆயிலைத் திருப்பும் தண்டு) சிலிண்டர் சீலையும் பார்க்க வேண்டும். ஆயில் நுரைத்தால் பெரும்பாலும் சக்‌ஷன் பக்கம் காற்று இழுக்கிறது. கேஜ் (அழுத்தமானி) மாட்டாமல் ரிலீஃப் வால்வு (உச்ச அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்க்ரூவைத் திருகும் பழக்கத்தைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. 20 டன் எக்ஸ்கவேட்டரில் மெயின் பிரஷர் 350 பார் (ஒரு பார் ஏறத்தாழ காற்றுமண்டலத்தின் அழுத்தம்) அளவுக்கு இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் ஹோஸும் பம்பும்தான் விலை கொடுக்கும்.

அந்த அழுத்தம் மனித உடலையும் விடாது. ஹோஸ் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் விட்டு, லீவர்களை எல்லாப் பக்கமும் பலமுறை அசைத்து, டேங்கின் காற்றழுத்தத்தையும் விடுவிக்க வேண்டும். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது, அட்டைத் துண்டைக் காட்டித்தான் பார்க்க வேண்டும். ஆயில் தோலுக்குள் பாய்ந்தால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. சில மணி நேரத் தாமதம் விரலையோ கையையோ பறித்துவிடும். தயவுசெய்து இதை ஒவ்வொரு பயிற்சிப் பையனுக்கும் முதல் நாளே சொல்லுங்கள்.

வண்டி ஓடும் டிராக் செயினைத் தளர்த்தும்போது, அதை இறுக்கிவைக்கும் கிரீஸை விடுவிக்கும் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. முகத்தையும் உடம்பையும் அதன் நேரே வைக்கக் கூடாது. அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் அக்குமுலேட்டரில் நைட்ரஜன் தவிர வேறெதுவும் ஏற்றக் கூடாது. ஆக்சிஜன் ஏற்றினால் வெடிக்கும்.

காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்ற ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் இன்ஜின்) பற்றிய கூட்டத்தில் ஒன்று தெளிவானது. பழைய இன்ஜினில் செய்ததுபோல், ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கக் கூடாது. ரெயிலில் 1,600 பாருக்கு மேலும் அழுத்தம் இருக்கலாம். வெல்டிங்கின்போது பேட்டரி நெகடிவையும் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கனெக்டரையும் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். கிளாம்புக்கும் வெல்டிங் இடத்துக்கும் நடுவில் பேரிங் இருந்தால் கரண்ட் அதன் வழியே பாய்ந்து பேரிங்கைக் கெடுத்துவிடும்.

இனி ஒரு கோரிக்கை. வண்டி இன்றைக்கே வேலைக்குப் போக வேண்டும் என்று உரிமையாளர் அவசரப்படுத்தும்போது முதலில் வெட்டுப்படுவது சுத்தம் செய்யும் நேரம்தான். பாகத்துக்குப் பில் இருக்கிறது, டேங்க் கழுவியதற்கு இல்லை. அதனால் ஜாப் கார்டில் ‘சிஸ்டம் சுத்தம்’ என்று தனி வரி சேர்த்து, அதற்கான மணி நேரத்தையும் கூலியையும் எழுத வேண்டும் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதை உரிமையாளர் மறுத்தால், மறுத்ததையும் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். இந்தப் பரிந்துரையைத் தீர்மானமாக நிறைவேற்றி, அறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்