பூச்சியியல் படிக்க விரும்பும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

சான் டியேகோவில் படிக்கும் கணினி அறிவியலை விட்டுவிட்டுப் பூச்சியியல் படிக்க வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்தேன். எனக்கு முழுச் சம்மதம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கீழே நான் எழுதும் எச்சரிக்கைகளை எல்லாம் மறுப்பு என்று எடுத்துக்கொள்வாய்.

ஆய்வகத்தில் பூச்சிப் படங்களை வகைபிரிக்கும் நிரல் எழுதப் போனவள், நிரலை விட்டுப் படத்தில் இருந்த குளவியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய். இதில் எனக்கு வியப்பு இல்லை. உன் தாத்தா அப்பாருவின் மல்பெரித் தோட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் முதலில் தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. நம் ஊரில் அதைத் தின்று அடக்க எதிரி இல்லை. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மற்ற விவசாயிகளாவது மருந்து அடித்துப் பார்த்தார்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு அதுவும் எளிதில்லை. மருந்து பட்ட மல்பெரி இலையைத் தின்றால் புழு செத்துவிடும். அப்பாரு செடிகளை அடியோடு வெட்டி எரித்தார். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் அளவுள்ள அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். பொரிந்து வரும் புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். அதன்பிறகு தோட்டங்கள் தேறின. பூச்சியைப் படித்தவர்களின் அருமை நம் குடும்பத்துக்குத் தெரியும்.

இனி உன் விஷயம். ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்தானே, சான் டியேகோவிலிருந்து இன்னொரு வளாகத்துக்கு இடம் மாற்றிக்கொள்வதுதானே என்று நினைத்துவிடாதே. புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். வளாகம் மாறுபவர்களில் முதல் முன்னுரிமை கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்குத்தான். நீ அவர்களுக்குப் பின்னால் நிற்பாய். அது நியாயமும்கூட. வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் படித்து வருகிற பிள்ளைகளுக்கு அந்த வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் 1960ஆம் ஆண்டு உயர்கல்வித் திட்டத்திலிருந்தே இந்த மாநிலத்தின் ஏற்பாடு. ஆகவே, உன் விண்ணப்பம் அதன் சொந்த பலத்தில் நிற்க வேண்டும். ஆர்வம் மட்டும் போதாது. உயிரியலும் வேதியியலும் முடித்திருக்க வேண்டும். கணிதம் உன்னிடம் இருக்கிறது. பொது வேதியியல் ஒரு முழு ஆண்டுத் தொடர், உயிரியல் தொடர், பிறகு கரிம வேதியியல் என்று பாக்கி நிறைய இருக்கிறது. இவற்றில் ஒன்றிரண்டை இந்தக் கோடையிலேயே ஏதாவது ஒரு கம்யூனிட்டி காலேஜில் முடி. மாநிலத்தவர்களுக்கு அங்கே யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் ஓர் அலகுக்கு, 46 டாலர்தான். எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று அசிஸ்ட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தளம் கம்யூனிட்டி காலேஜ் பாடங்களுக்குத்தான் உதவும். சான் டியேகோவில் நீ எடுக்கும் பாடம் புதிய வளாகத்தில் செல்லுமா என்பதை அந்தத் துறை ஆலோசகரிடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள். வாய்வார்த்தையை நம்பாதே.

அம்மாவின் பயம் வேறு. சான் டியேகோவில் கணினி அறிவியல் இடத்தை விட்டு வெளியே வருவது எளிது, வேறு துறையிலிருந்து உள்ளே போவது மிகவும் கடினம். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. அதனால், அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை அங்கே துறை மாற்றப் படிவம் எதிலும் கையெழுத்துப் போடாதே. கணினி அறிவியல் மாணவியாகவே இருந்துகொண்டு வேதியியலும் உயிரியலும் எடு. அக்டோபர், நவம்பரில் விண்ணப்பம். ஜனவரியில் புதிய மதிப்பெண்களைப் பதிவு செய்ய வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் முடிவு தெரியும். ஜூன் 1க்குள் நீ சம்மதம் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிகிறபோது சான் டியேகோவின் காலாண்டுக் கணக்கில் 90 யூனிட் இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதே. கலிஃபோர்னியா மாநிலம் தரும் கால் கிராண்ட் உதவித்தொகை தானாக உன் பின்னால் வராது. புதிய வளாகத்தின் பெயரை நீதான் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

டேவிஸ், ரிவர்சைடு இரண்டு வளாகங்களுக்குமே விண்ணப்பம் போடு. என்னைக் கேட்டால் ரிவர்சைடு. 1907இல் ஆரஞ்சு, எலுமிச்சை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கிய இடம் அது. பூச்சியை அடக்கப் பூச்சியையே தேடும் வேலை அந்த மண்ணில் ஊறியிருக்கிறது. நீ இப்போது இருக்கும் சான் டியேகோ மாவட்டத்தில்தான், நம் ஊரில் மாவுப்பூச்சி வந்த அதே 2008இல், ஆசிய சைலிட் பூச்சியைக் கண்டார்கள். எலுமிச்சை மரங்களைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்பும் பூச்சி. ரிவர்சைடு ஆய்வாளர் மார்க் ஹாடில் பாகிஸ்தானின் பஞ்சாபுக்குப் போய் அதன் எதிரியான டமாரிக்சியா குளவியைக் கொண்டுவந்தார். 2011 டிசம்பரில் முதன்முதலில் அதைப் பறக்கவிட்டது அந்த வளாகத்தில்தான். அப்பாருவின் தோட்டத்தை மீட்ட வித்தையும் இதுவேதான். அதைக் கற்றுத்தரும் இடத்துக்கு நீ போவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

விண்ணப்பத்தில், இந்தத் துறைக்கு எப்படித் தயாரானாய் என்று கட்டாயக் கேள்வி ஒன்று இருக்கும். அதில் அப்பாருவைப் பற்றி எழுதாதே. அது அவர் பட்ட பாடு. ஆய்வகத்தில் நீ எழுதிய நிரல் எந்தக் குளவியை எதனோடு குழப்பியது, அதைத் திருத்த நீ எதைப் படித்தாய் என்று எழுது. நீ கற்ற கணினியும் வீணாகவில்லை என்பது அதைப் படிக்கிறவருக்குத் தானே புரியும்.

கோடை வகுப்புகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்; இந்த வாரமே பதிவு செய். பணம் அனுப்பிவிடுகிறேன். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீயே கூப்பிட்டுச் சொல். துறை மாற்றப் படிவத்தைப் பற்றி நான் எழுதியதை முதலில் சொல், மற்றதை அப்புறம் சொல்.

அன்புடன்,
அப்பா