கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சை வார்டில் நெடுநாளாக வேலை பார்க்கும் செவிலியர் நான். கஞ்சா பற்றி உங்களிடம் "இல்லை" என்று சொன்ன நோயாளி, நீங்கள் அந்தப் பக்கம் போனதும் எங்களிடம் "ஆமாம் சிஸ்டர்" என்கிறார். இது அடிக்கடி நடப்பதால்தான் இந்த மடல்.

"கெட்ட பழக்கம் ஏதாவது இருக்கா?" பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறீர்கள். கட்டிலுக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மனைவி. உங்கள் கண்ணோ கேஸ் ஷீட்டில். கெட்டது என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு யார் ஆமாம் என்பார்கள்? இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறீர்கள். அப்புறம் நான் டிரிப்ஸ் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போது, அம்மா வெளியே போன நேரம் பார்த்து அந்தப் பையன் மெதுவாகக் கேட்கிறான்: "சிஸ்டர், நேத்து ராத்திரி கஞ்சா இழுத்தேன். மயக்க மருந்து கொடுத்தா ஒண்ணும் ஆகாதே?"

அவன் பாவமன்னிப்பு கேட்கவில்லை. உயிருக்குப் பயந்து கேட்கிறான். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. கஞ்சா புகைத்த சிறிது நேரத்தில் இதயத் துடிப்பு எகிறும். தினமும் எடுப்பவர்களுக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். அறுவைக்குப் பிறகு வலியும் அதிகமாக இருக்கலாம். மயக்கவியல் மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பு ஒன்று 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுவைக்கு வரும் எல்லோரிடமும் இதைக் கேட்கச் சொல்கிறது. புகைத்திருந்தால், அவசரமில்லாத அறுவையைக் குறைந்தது 2 மணி நேரமாவது தள்ளிவைக்கச் சொல்கிறது. எல்லோரிடமும் என்பதைக் கவனியுங்கள். காதில் கடுக்கன் போட்ட பையனிடம் மட்டும் கேட்பதல்ல.

மருந்துகள் விஷயம் இன்னும் சிக்கல். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குக் கஞ்சாவால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறி, ரத்தக்கசிவு வரை போகலாம். மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் எடுப்பவருக்கு நேர்மாறு: புகை, கல்லீரல் அந்த மருந்தைக் கரைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். அவரை வார்டில் சேர்த்துப் புகை நின்றதும், அதே மாத்திரை அதே அளவில் மிகையாகிவிடும். வலிப்புக்குக் குளோபசாம் எடுப்பவர் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயும் சேர்த்துக்கொண்டால் தூங்கி வழிவார். இந்த எண்ணெயை யாரும் கஞ்சாக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது தனிக் கதை. "கஞ்சா உண்டா?" என்றால் முகம் சுளிக்கும் பெரியவர், "தூக்கத்துக்கோ மூட்டு வலிக்கோ எண்ணெய், சொட்டு மருந்து ஏதாவது?" என்றால் பையைத் திறந்து பாட்டிலை எடுத்துக் காட்டுவார்.

என்னை அதிகம் கலங்கவைப்பவர்கள் வாந்தியோடு வருபவர்கள். எண்டோஸ்கோப்பி பார்த்தாகிவிட்டது, ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, எல்லாம் நார்மல். வழக்கமான வாந்தி ஊசிக்கும் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் அவர் குளியலறையை விட்டு வெளியே வருவதில்லை. தோல் சிவக்கச் சிவக்க வெந்நீரில் நின்றுகொண்டிருப்பார். அதில் மட்டும்தான் கொஞ்சம் நிம்மதி. நீண்ட நாள் கஞ்சா எடுப்பவர்களுக்கு வரும் இந்தக் கோளாறை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2004-லேயே விவரித்துவிட்டார்கள். கஞ்சாவை நிறுத்தினால்தான் இது தீரும். ஆனால் கஞ்சா வாந்தியை அடக்கும் என்றுதானே ஊரெல்லாம் பேச்சு? அதை நம்பி அவர் இன்னும் அதிகமாக எடுத்துக்கொண்டிருப்பார். குழாயடியில் நிற்பவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மூன்றாவது ஸ்கேனுக்கு எழுதுவது எனக்குப் புரியவே இல்லை.

எப்படிக் கேட்பது? தனியாக. "மயக்க மருந்தைச் சரியாகக் கொடுக்கத்தான் கேட்கிறேன்" என்று காரணத்தை முதலில் சொல்லிவிட்டு. ஆமாம் என்றால், புகையா, தின்பண்டமா, எண்ணெயா என்று கேளுங்கள். புகைத்தால் சில நிமிடங்களில் ஏறிவிடும். தின்றால் ஏறுவதற்கே அரை மணியிலிருந்து 2 மணி நேரம் ஆகலாம், இறங்கவும் நேரம் பிடிக்கும். அதனால் எந்த வடிவம் என்று தெரியாமல் "கடைசியா எப்போ?" என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். எதற்காக எடுக்கிறார் என்பதையும் கேளுங்கள். தூக்கமின்மையோ, தீராத வலியோ, பதற்றமோ பின்னால் இருந்தால், நீங்கள் பார்க்க வேண்டிய நோய் அதுதான்.

பதில் வந்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், ரவுண்ட்ஸில் மாணவர்கள் சூழ நின்ற மருத்துவர் ஒருவர், "ஓ, கஞ்சா கேஸ் இதுதானா?" என்று சத்தமாகக் கேட்டார். அந்த நோயாளி அதன்பிறகு வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. இதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து "மூலிகைதானே, பரவாயில்லை" என்று தட்டிக்கொடுப்பவர்களும் உண்டு. கர்ப்பிணியிடமும், பதின்வயதுப் பிள்ளையிடமும், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவரிடமும் அப்படிச் சொல்வது ஆபத்து. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள், போதும்.

கடைசியாக, எழுதி வைப்பது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும். வேலை, காப்பீடு, போலீஸ் என்று நோயாளிக்கு ஆயிரம் கவலை. கேஸ் ஷீட்டை யார் யார் பார்ப்பார்கள் என்பதை, கேள்வி கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்களால் காப்பாற்ற முடியாத ரகசியத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். அதில் இதை எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அட்மிஷன் படிவத்திலும் இந்தக் கேள்வியைப் "பழக்கங்கள்" பகுதியிலிருந்து எடுத்து, "தற்போது எடுக்கும் மருந்துகள்" என்ற வரிக்குக் கீழே போடச் சொல்லுங்கள். வடிவம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது என்று மூன்று கட்டங்கள் போதும்.

இப்படிக்கு,
ஒரு வார்டு செவிலியர்