பீக்கன் ஹில்லில் எனக்குக் கை கொடுத்தவர்களுக்கு

இங்கிலாந்தின் தென்கடலோர ஊரான ரொட்டிங்டீனில், பீக்கன் ஹில் என்ற குன்றில் ஆடு பார்க்கும் தொண்டர்களுக்கும், போன நவம்பரில் அந்த வழியாக வந்த இருவருக்கும் வணக்கம்.

உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. என் மகள் ஆங்கிலத்தில் படித்துச் சொல்வாள். மனசார நன்றி சொல்ல எனக்கு இந்த மொழிதான் வருகிறது.

அன்று மழை விட்டிருந்தது. ஆடுகளை எண்ணத் தனியாக வந்திருந்தேன். 1802-இல் கட்டிய அந்தக் கறுப்புக் காற்றாலையைத் தாண்டி இறங்கினால், ஒரு செம்மறி மல்லாந்து கிடக்கிறது. நனைந்த ரோமத்தின் கனத்தில் அதால் புரள முடியவில்லை. அப்படியே விட்டால் வயிறு உப்பிச் செத்துவிடும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் எனக்குக் கை ஓடவில்லை. நாயோடு வந்த நீங்கள் இருவரும் கூப்பிடாமலே வந்தீர்கள். ஒருவர் நாயைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மற்றவர் சேற்றில் மண்டியிட்டு என்னோடு சேர்ந்து ஆட்டைப் புரட்டினார். அது தள்ளாடாமல் நிற்கும்வரை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்திருந்தோம். அப்புறம் அது மேயப் போய்விட்டது. உங்கள் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

நான் தொண்டராக வந்த முதல் நாள் என்னைப் புல்லில் குப்புறப் படுக்கச் சொன்ன தொண்டர் அம்மாவுக்கும் நன்றி. நின்று பார்த்தபோது வெறும் புல்தான். படுத்த பிறகுதான் காட்டு ஓமச் செடியின் வாசனை வந்தது. இப்படிப்பட்ட சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்வரை இருக்கும் என்றீர்கள். கீழே கடல் இரைந்துகொண்டிருக்க, நாம் இருவரும் விரல் விட்டு எண்ணினோம்.

குளிரில் முள்புதர் வெட்டுகிறவர்களே, வெட்டிய புல்லை நீங்கள் வாரி அப்புறப்படுத்துவது முதலில் எனக்குப் புரியவே இல்லை. தோட்டத்துக்கு எரு சேர்த்தே வளர்ந்தவள் நான். இங்கே மண்ணில் சத்து ஏறினால் முரட்டுப் புல் ஓங்கி, சிறிய பூச்செடிகளை மூடிவிடும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். மேய்ச்சல் நின்றால் முள்மரம் ஏறிவிடும் என்பதையும் உங்களிடம்தான் கற்றேன். அதனால்தான் ஒவ்வொரு ஆட்டையும் எண்ணுகிறேன்.

அந்த இருவருக்கும் ஒரு சேதி: மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. நம் ஆடு மற்றவற்றோடு வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தது.