எட்டில் ஐந்து பங்கு ஆள்

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகத்திற்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதே இனி என் வேலை என்று போன பொங்கலுக்கு எழுதியிருந்த நீ, இப்போது திருப்பூரில் மைத்துனரின் பனியன் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாய் என்பதை நம்புவதற்கே அதை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த கேள்விக்காக மூன்றாம் முறையும் படித்தேன். ஆலோசகர் ஒருவர் வந்து திரையில் பிரமிடு ஒன்றைக் காட்டினார் என்றும், அதற்குப் பிறகு எக்ஸ் (தொழிலாளி விரட்டினால்தான் வேலை செய்வான்), ஒய் (பொறுப்பைக் கொடுத்தால் தானே செய்வான்) என்று இரண்டு கோட்பாடுகளைச் சொன்னார் என்றும், "இதில் எதை நான் கம்பெனியில் பயன்படுத்துவது? நீதான் முப்பது வருடம் மில்லில் லேபர் ஆபீசராக இருந்தாயே, சொல்" என்றும் எழுதியிருக்கிறாய். இங்கே எங்கள் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறுவதில்லை. ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்து உனக்கு நீளமாகப் பதில் எழுத நேரம் இருக்கிறது.

பிரமிடைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில், பசி, பாதுகாப்பு என்று தொடங்கி மதிப்பு, தன்னிறைவு வரை போகும் தேவைகளின் படிநிலை உண்டு. பிரமிடு என்ற படம் அதில் கிடையாது. அது பின்னால் வந்தவர்கள் மேலாளர்களுக்குப் பாடம் நடத்த வரைந்துகொண்டது. படம் வந்ததும் கருத்து கெட்டிப்பட்டுவிட்டது. கீழ்ப்படி நிறைந்தால்தான் மேல்படி என்று ஏணி ஏறுவது போல மனிதர்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் மில்லில் சம்பளம் போதாமல் கந்துவட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்த ஆள்தான், தன்னை மேஸ்திரி எல்லோர் முன்னாலும் "டேய்" என்று கூப்பிட்டதற்காக மூன்று நாள் வேலைக்கு வராமல் இருந்தான். அவன் எந்தப் படியில் நின்றான் என்று உன் ஆலோசகரைக் கேட்டுப் பார். ஹெர்ஸ்பெர்க் என்ற இன்னொரு உளவியலாளர் 1959இல் பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்கள், கணக்காளர்கள் சுமார் 200 பேரிடம் கேட்டு, திருப்தி தருபவை ஒரு வகை, அதிருப்தியைத் தவிர்ப்பவை வேறு வகை என்று சொன்னார். நல்லது நடந்தால் அது என் திறமை, கெட்டது நடந்தால் அது மேலதிகாரியின் குற்றம் என்று சொல்வது மனித சுபாவம்தானே, அந்த இரண்டு வகையும் அதிலிருந்தே வந்திருக்கலாமே என்று அப்போதே மறுப்பும் வந்தது. நிறுவன நடத்தையியல் என்று கல்லூரிகளில் சொல்லித்தரும் பாடத்தில் இப்படிப் பாதிக்கு மேல், வேறெங்கோ வேறு யாரிடமோ கேட்டுப் பெற்ற பதில்கள். அவற்றைப் பொய் என்று நான் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு போலக் கடையில் நீட்டக்கூடியவை அல்ல என்கிறேன்.

ஹாதார்ன் ஆலையின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் இருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது, ஆகவே தொழிலாளியைக் கவனித்தாலே போதும் என்று அதைச் சொல்வார்கள். அந்த வெளிச்சச் சோதனையின் எஞ்சிய தரவுகளை 2011இல் இரண்டு பொருளியலாளர்கள் மறுபடி ஆராய்ந்தபோது, சொல்லப்பட்ட அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. டெலிபோனுக்கான ரிலே என்ற மின்பாகங்களைப் பூட்டும் அறையில் இருந்த பெண்களில் இருவர் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928இல் மாற்றப்பட்டார்கள் என்பதைப் பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது கடைசியாக நடந்தது. டெலிபோன் இணைப்பகத்துக்கான பலகைகளில் கம்பி இணைத்த 14 ஆண்களை ஓர் அறையில் வைத்து 1931 நவம்பர் முதல் 1932 மே வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டுக் கூலி, அதிகம் செய்தால் எல்லோருக்கும் அதிகம் கிடைக்கும். இருந்தும் ஒரு நாளுக்கு இரண்டு பலகை என்பதற்கு மேல் யாரும் போகவில்லை. வேகமாகச் செய்தவனைச் சகாக்கள் கேலி செய்தார்கள், தோளில் ஓங்கி ஒரு குத்தும் விட்டார்கள். மேலே போனால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள், அல்லது ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். இந்த ஆய்வுகளை விளக்கிப் பரப்பிய பேராசிரியர் எல்டன் மேயோவின் வழிவந்தவர்கள் இதை உணர்ச்சியின் வேலை என்று வாசித்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் அது சுத்தமான கணக்கு என்பதே என் எண்ணம். வேலை குறைந்ததால் கடைசியில் அந்த அறையே மூடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்.

உன் கேள்விக்கு நெருக்கமான கதை அமெரிக்காவில் இல்லை, அகமதாபாத்தில் இருக்கிறது. நீயும் நானும் நூலும் துணியும் புழங்கும் ஊர்க்காரர்கள் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேலையிடங்களில் மனித உறவுகளை ஆராயும் லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் 1953இல் காலிகோ மில்லுக்கு வந்தார். அப்போது கௌதம் சாராபாய் அதன் தலைவர். இந்தக் குடும்பத்தை உனக்கு வேறு வகையில் தெரியும். 1918இல் காந்தி உண்ணாவிரதம் இருந்த மில் வேலைநிறுத்தத்தில் முதலாளிகள் தரப்பில் அம்பாலால் சாராபாயும், தொழிலாளர் தரப்பில் அவருடைய சகோதரி அனசூயாவும் எதிரெதிரே நின்றார்களே, அந்த அம்பாலாலின் மகன்தான் கௌதம். மில்லில் புதிதாகத் தானியங்கித் தறிகள் போட்டிருந்தார்கள். இயந்திரம் நல்லது, ஆட்கள் பழக்கப்பட்டவர்கள், வேலை நேரத்தையெல்லாம் அளந்து ஆளுக்கு இத்தனை தறி என்று பிரித்தும் இருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு உற்பத்தியும் உயரவில்லை, துணியின் சேதமும் குறையவில்லை.

224 தறிகளில் 29 பேர், அவர்களுக்குள் 12 விதமான வேலைப் பெயர்கள். நெசவாளி 24 தறியோ 32 தறியோ பார்ப்பார். ஊடை நூல் கட்டைகளைத் தறியின் பேட்டரி என்ற அடுக்கில் நிரப்புபவருக்கு 40 முதல் 50 தறி. பாவு நூல் மொத்தமாக அறுந்து சிக்கினால் சரிசெய்பவருக்கு அதற்கும் மேல். ஒவ்வொரு கணக்கும் தனித்தனியே மிகச் சரி. சேர்த்துப் பார்த்தால், ஒரு நெசவாளிக்குக் கிடைப்பது எட்டில் ஐந்து பங்கு பேட்டரிக்காரரும், எட்டில் மூன்று பங்கு பாவு சரிசெய்பவரும்தான். தறி நின்றால் அந்த எட்டில் மூன்று பங்கு ஆள் அந்த நேரத்தில் வேறொருவரின் தறியில் இருப்பார். அவருக்கு உன் தறி முக்கியமா, அவன் தறி முக்கியமா என்று சொல்ல யாருமில்லை. அவருக்கும் உனக்கும் எந்த உறவுமில்லை. இந்தப் பின்னத்தைப் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், ஏனென்றால் எங்கள் ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டில் நானே அப்படிப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன்.

ரைஸ் சொன்னது எளிய யோசனை: ஒரு கூட்டத் தறிகளுக்கு ஒரு கூட்டம் ஆட்கள் முழுப் பொறுப்பு. பேச்சு தொழிலாளர்களின் காதுக்குப் போனதும், அவர்களே யார் யாரோடு சேர்வது என்று முடிவு செய்து ஏழேழு பேராகப் பிரிந்துகொண்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் உயிர். பெயர் பட்டியலை அலுவலகம் தயாரிக்கவில்லை. பன்னிரண்டு வேலைப் பெயர்கள் இருந்த இடத்தில் ஒருவர் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். தறிகளின் திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95ஐ ஒட்டி உயர்ந்தது, சேதம் 32 சதவீதத்திலிருந்து 20 வரை இறங்கியது. இதற்கு இரண்டு வருடம் முன்பு, 1951இல், இதே டாவிஸ்டாக்கின் ட்ரிஸ்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான பாம்ஃபோர்த்தும் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள்: புதிய இயந்திரம் வந்தபோது பழைய சிறு குழுக்கள் உடைந்து, ஒவ்வொருவரும் ஒரு துண்டு வேலைக்கு ஒதுங்கி, யாரும் யாருக்கும் பொறுப்பில்லாமல் போனது. இயந்திரத்தையும் மனிதக் கூட்டத்தையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும் என்ற கருத்து அங்கே பிறந்து, அகமதாபாத்தில் கைக்கு வந்தது.

இதை எண்பதுகளில் படித்துவிட்டு நான் செய்த காரியத்தை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. இங்கே உள்ள சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் எடுத்த குறிப்புகளை மேனேஜரிடம் காட்டி, ஒரு வரிசை ரிங் ஃபிரேம்களுக்கு (நூல் நூற்கும் இயந்திரங்கள்), அவற்றின் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் சைடு ஆட்கள், நிறைந்த நூல் கட்டைகளைக் கழற்றும் டாஃபர்கள், துப்புரவு செய்பவர் எல்லோரையும் சேர்த்து ஒரே கூட்டமாக விட்டோம். முதல் இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது. நூல் அறுந்தால் டாஃபர் பையனே ஓடிப்போய் இணைத்தான். பிறகு நூல் கவுண்ட், அதாவது நூலின் பருமன் ரகம், அடிக்கடி மாறியது. அடுத்த ஷெட்டில் ஆள் வராத நாட்களில், "உங்கள் கூட்டத்தில்தான் நல்ல ஆட்கள் இருக்கிறார்களே" என்று இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த இடத்துக்குப் பதிலி வந்து நின்றார். கூலி மட்டும் பழையபடி ஆளுக்கு ஆள் தனித்தனி. மேஸ்திரிக்கு இனி என்ன வேலை என்று நானும் சொல்லவில்லை, மேனேஜரும் சொல்லவில்லை. அவரோ தன்னைத் தேவையில்லாதவர் என்று நினைத்துவிட்டார்களோ என்று பயந்து, முன்பைவிட அதிகமாகக் குறுக்கே விழுந்தார். ஆறாவது மாதம் எல்லாம் பழைய பட்டியலுக்கே திரும்பியது. நம் ஆட்களுக்குக் கூட்டாக வேலை செய்யத் தெரியாது என்று மேனேஜர் எழுதிய குறிப்பில் நானும் கையெழுத்துப் போட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

ஏனென்றால் அதே காலிகோ மில்லுக்கு 1970இல் ரைஸின் சகாவான எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்து, 1975இல் வெளியிட்டதை நான் பல வருடங்கள் கழித்துத்தான் படித்தேன். சாதாரணத் தறிகள் இருந்த ஒரு ஷெட்டில் கூட்டுமுறை பதினாறு வருடங்களுக்குப் பிறகும் ஏறத்தாழ அப்படியே நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் புகழ்ந்த தானியங்கித் தறி ஷெட்டில் அது பெருமளவு கரைந்து பழைய வழிக்கே திரும்பியிருந்தது. இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஒரே ஊர்க்காரர்கள்தான். சந்தை கேட்ட துணி ரகங்கள் மாறின, வெளியிலிருந்து நெருக்கடி வந்தபோதெல்லாம் அது நேராக உள்ளே நுழைந்தது, கூட்டத்தின் எல்லையைக் காத்து நிற்பவர் இல்லாமல் போனார். பிற்காலத்தில் ரைஸும் மில்லரும் மேலாளரின் வேலையே எல்லையில்தான் என்று விரிவாக எழுதினார்கள்: ஆள், சரக்கு, நேரம் ஆகியவை உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொண்டு, உள்ளே நடப்பதை அவர்களிடமே விட்டுவிடுவது. எங்கள் மேஸ்திரிக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தால் அவரைவிடச் சிறந்த வாசற்காவலர் கிடைத்திருக்கமாட்டார். எந்த ஆளை எந்த அதிகாரி எப்போது இரவல் கேட்டு வருவார் என்பது அவருக்கு அத்துப்படி.

ஆகவே எந்தக் கோட்பாடு என்ற உன் கேள்விக்கு எக்ஸ் என்றோ ஒய் என்றோ நான் பதில் எழுதப்போவதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் மெக்ரிகர் 1960இல் அந்த இரண்டையும் எழுதியது, தொழிலாளி எப்படிப்பட்டவன் என்று சொல்ல அல்ல; தொழிலாளியைப் பற்றி மேலாளர் மனத்தில் ஏற்கெனவே என்ன முடிவு இருக்கிறது என்று அவருக்கே காட்டுவதற்கு. எங்கள் மேனேஜரின் குறிப்பு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

உன் கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் முடியும் தேதியை ஒட்டிப் பவர் டேபிளில் (தையல் இயந்திர வரிசையில்) சச்சரவு வருகிறது, செக்கிங்கில் நிறையத் திரும்பி வருகிறது என்று எழுதியிருந்தாயே, பேசிக்கொள்ளப் பயிற்சி வகுப்பு வைக்கலாம் என்று ஆலோசகர் சொன்னதை ஒத்திப்போடு. அதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பார்: ஓவர்லாக் டெய்லர், ஃபிளாட்லாக் டெய்லர், அவர்களுக்குத் துணியை எடுத்தும் மடித்தும் கொடுக்கும் கைமடி, செக்கிங் பெண்கள் ஆகியோரில் யாருக்குத் துண்டுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட், யாருக்கு ஷிப்ட் சம்பளம்? டெய்லருக்குப் பீஸ் ரேட்டும் கைமடிக்கு ஷிப்ட் சம்பளமும் என்றால், ஒருவருக்கு வேகம் பணம், இன்னொருவருக்கு வேகம் இடுப்புவலி. சண்டை வராவிட்டால்தான் ஆச்சரியம். மனிதர்கள் தங்கள் சம்பளத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரின் உழைப்போடும் ஊதியத்தோடும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள் என்று ஆடம்ஸ் என்ற உளவியலாளர் 1963இல் எழுதினார். அதை எந்தக் கைமடிப் பெண்ணும் உனக்கு அரை நிமிடத்தில் சொல்லிவிடுவாள். திரும்பி வரும் பீஸை யார் சரிசெய்கிறார்கள், அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பதையும் எழுது. கடைசியாக, அவசரம் வரும்போது ஒரு லைனிலிருந்து ஆளை எடுத்து இன்னொரு லைனில் போடுவது யார்? அது நீயாகவே இருந்தால், முதலில் அதைத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். உன் மைத்துனராக இருந்தால், நிறுத்துவது கடினம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் முழங்கால் அனுமதித்தால் ஒரு நாள் வருகிறேன். உன் அறையில் உட்கார வைத்து டீ கொடுக்காதே. லைனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அரை நாள் சும்மா பார்க்க விடு. அதற்குள் அந்தத் தாளை நிரப்பி அனுப்பு, வரும்போது கையில் கொண்டுவருகிறேன். பேரனுக்கு என் அன்பு.

என்றும் உன்,
வேலுச்சாமி