"ஊசி இல்லை" என்று எழுதியவருக்கு

நேற்று மருத்துவமனைக் கழிவு நிறைந்த கடைசி மஞ்சள் பையை இன்சினரேட்டர் என்கிற எரியுலைக்குள் தள்ளிவிட்டு, சூடு ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தொற்றுக் காலத்தில் நடந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் அதற்குள்தான் இருந்தோம். நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலில் ஒருவருக்கு. பெயர் தெரியாது, முகமும் தெரியாது.

வார்டிலிருந்து வரும் பை எப்படியிருக்கும் என்பது தூக்குகிறவனுக்குத்தான் தெரியும். முக்கால் பைக்கு மேல் நிரப்பக் கூடாது. அந்த நெருக்கடியில் யார் பார்த்தார்கள்? கழுத்துவரை திணித்து, கட்ட இடமில்லாமல் அனுப்புவார்கள். சிலர் பயத்தில் பிளீச்சிங் கரைசலை உள்ளேயே ஊற்றிவிடுவார்கள். நனைந்த பை ஒழுங்காக எரியாது, அதிலிருக்கும் குளோரின் சேர்ந்து எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வேறு. எல்லாவற்றையும்விட மோசம் ஊசி. கெட்டியான டப்பாவுக்குள் போக வேண்டியது பைக்குள் கிடந்தால், இரண்டு கையுறை போட்டும் பயனில்லை.

மூன்றாவது வாரம் ஒரு பை வந்தது. இரட்டைப் பை. வாயை முறுக்கி மடித்து டேப் சுற்றி, பிடித்துத் தூக்க ஒரு சாண் வால் விட்டிருந்தது. வார்டு, தேதி, நேரம் எழுதிய லேபிளுக்குக் கீழே மார்க்கரில்: "ஊசி இல்லை. நானே பார்த்துக் கட்டினேன். பயப்படாமல் தூக்குங்க அண்ணா."

எங்கள் தள்ளுவண்டி வந்தாலே ஆட்கள் சுவரோரம் ஒதுங்கிய நாட்கள் அவை. வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். அண்ணா என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அப்புறம் தினமும் அந்தக் கையெழுத்தைத் தேடினேன். சில நாள் "ஊசி இல்லை" மட்டும் இருக்கும். ஒரு நாள், "கனம் அதிகம், ரெண்டு பேராப் பிடிங்க." பிறகு ஒரு வாரம் வரவே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? எட்டாம் நாள் வந்தது, எழுத்து கொஞ்சம் கோணலாக. எல்லாவற்றையும் எரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஒன்றுகூட என்னிடம் மிச்சமில்லை.

கவச உடை கழற்றும்போது எதிரில் நின்று, "அவசரப்படாதே, முகக்கவசம் கடைசியில்" என்று ஒவ்வொரு படியாகச் சத்தமாகச் சொன்னவர்கள், ராத்திரி வண்டி ஓட்டியவர்கள், நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோக்ளேவ் 121 டிகிரியில் நிற்கிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தவர்கள், எல்லாருக்கும் நன்றி.

நாளை புது ஆட்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். வார்டு ஆட்களும் உண்டு. வால் விட்டுக் கட்டச் சொல்லித் தருவேன், ஆளுக்கொரு மார்க்கரும் கொடுப்பேன்.

நீங்கள் இதைப் படித்தால், அந்த ஒரு வாரம் என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லுங்கள்.